பெட்டி கட்டும் நேரத்தில் பாலிசி பார்ப்பவள்

காப்பீட்டு முகவர் தொழில் என்பது, நன்றாக இருக்கிறவர்களிடம் போய், நன்றாக இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்பது. பட்டாளத்துக்காரர் வீட்டில் அதையே அவர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்பது.

நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும், என்றாவது ஒரு நாள் அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ‘இவ எதுக்கு வந்திருக்கா’ என்ற பார்வையை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் என் கட்சி. மேற்கொண்டு படிக்கலாம். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் ஒன்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்து எனக்கு முதுகு போனது. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லி ஒருவர் இதில் சேர்த்துவிட்டார். பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் உட்கார்ந்தபாடில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் நான் ‘பாலிசி அக்கா’.

இந்தப் பக்கத்தில் எல்லாரும் கம்பெனிக்குத்தான் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தெருவுக்கு ஒருவர் பட்டாளத்திலும் இருக்கிறார். ஹாஸ்டலில் தங்கி லைனில் வேலை பார்க்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டால், அண்ணன் மிலிட்டரி, மச்சான் மிலிட்டரி என்பார்கள். இவர்களுக்கு எல்லைப் பக்கம் மாற்றல் வந்தால் அதை ‘பீல்டு’ என்பார்கள். பீல்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு லீவு கிடைக்கும். அந்த லீவில் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற பாலிசிகளை எல்லாம் பிரித்துப் போட்டு, எது உயிரோடு இருக்கிறது, எது பணம் கட்டாமல் செத்துவிட்டது, யார் பெயர் நாமினியாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கூப்பிடும்போது லீவில் மூன்று நாள்தான் மிச்சம் இருக்கும்.

நாலு இட்லி

வடக்குப்பட்டில் ஒரு ஹவில்தார். பதினைந்து வருஷ சர்வீஸ். அவருடைய பழைய பாலிசிகளைப் பார்த்ததில் எல்லாமே சின்னச் சின்னத் தொகையாக இருந்தது. புதிதாக ஒன்று போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று முடிவு செய்தார். அதற்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். லீவில் வந்த பட்டாளத்துக்காரருக்கு வெறும் வயிறு என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. காலையில் சித்தப்பா வீட்டில் ஆட்டுக்கால் பாயா, மத்தியானம் மாமனார் வீட்டில் பிரியாணி, சாயங்காலம் கூடப் படித்தவன் வீட்டில் பரோட்டா. ஒரு வீட்டில் வேண்டாம் என்றாலும் போதும், பெரிய ஆள் ஆகிவிட்டார், நம் வீட்டில் எல்லாம் கை நனைப்பாரா என்று பேச்சு வந்துவிடும்.

முதல் நாள் பரிசோதனை நிலையத்துக்கு வாயில் பீடாவோடு வந்தார். ரத்தம் எடுக்கிற பெண் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டுக் கையை நீட்டினார், ரிசல்ட்டில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. மூன்றாம் நாள் அவர் கிளம்பும் நாள். எனக்கு வெறி வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டே அடுக்களையில் இருந்து வந்தார். ரத்தம் எடுக்கிற வரைக்கும் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்றுதானே சொன்னேன் என்று அவருடைய அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு கல்நெஞ்சக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“சாப்பாடெல்லாம் இன்னும் போடலம்மா. நாலு இட்லி, ஒரு வடை, அவ்ளோதான் குடுத்தேன்.”

எதற்கெல்லாம் கிடையாது

தென்காசிப் பக்கத்து ஜவான் ஒருவர். அவருடைய தம்பி ஒரகடத்தில் வேலை பார்க்கிறான், என் வாடிக்கையாளன். சென்னையில் ரயில் ஏறப் போகிறவர், வழியில் தம்பியைப் பார்க்க மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தார். அதில் ஒரு மணி நேரம் எனக்கு. எட்டுக் கட்டில் போட்ட ஹாஸ்டல் அறை. நைட் ஷிப்டு முடித்து வந்தவர்கள் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். நடுவில் உட்கார்ந்து, அவருடைய பாலிசியில் விபத்துக்கென்று தனியாகச் சேர்த்திருந்த பகுதியை நான் கிசுகிசுவென்று படித்துக் காட்டினேன். எதற்குப் பணம் கிடைக்கும் என்று படிக்க அரை நிமிஷம் போதும். எதற்கெல்லாம் கிடையாது என்று படிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

அவர் பொறுமையாகக் கேட்டார். மலையில் பாறை வழுக்கினால் உண்டா என்றார். டியூட்டியில் என்றால் இதில் கிடையாது, அதற்கு உங்கள் பட்டாளத்திலேயே தனியாக இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றேன். வண்டி கவிழ்ந்தால் என்றார். டியூட்டி வண்டி என்றால் கிடையாது. சண்டை வந்தால் கேட்கவே வேண்டாம். சரி, லீவில் வந்து இந்த ரோட்டில் லாரிக்காரன் அடித்துப்போட்டால் என்றார். அதற்கு முழுசாக உண்டு என்றேன். சத்தம் போட்டுச் சிரித்தார். போர்வைக்குள் இருந்து ஒருவன் ‘உஸ்’ என்றான்.

“அப்பொ நான் லீவுல ஊருக்கு வாரதுதான் ஆபத்துன்னு ஒங்க கம்பெனி முடிவு பண்ணிட்டு போல, என்னக்கா?”

கறுப்புப் பெட்டி

பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இருக்கும். அவர் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். முக்கியமான காகிதம் எல்லாம் அதற்குள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒருவர் பாலிசி, வீட்டுப் பத்திரம், மனைவியின் படிப்புச் சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் அதில் போட்டுப் பெரிய பூட்டாகப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு பீல்டுக்குப் போய்விட்டார். பிரீமியம் கட்டும் நாள் வந்தபோது பாலிசி நம்பர்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் இருந்த இடத்தில் போன் சிக்னல் வாரத்துக்கு ஒரு நாள் வரும், அந்த ஒரு நாளில் குழந்தையிடம் பேசுவாரா, பூட்டைப் பற்றிப் பேசுவாரா?

பூட்டை உடைக்கலாம் என்று நான் சொன்னதற்கு அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் போட்ட பூட்டை அவர் அங்கே இருக்கும்போது உடைப்பதாவது என்றாள். அதிலிருந்து நான் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். பாலிசி பார்க்கக் கூப்பிட்டால், பெட்டியை மனைவி தன் கையால் என் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நான் பேனாவையே எடுக்க மாட்டேன். இந்தச் சட்டத்தை எனக்குப் போட்டுக் கொடுத்தவள் அந்தப் பெண்தான்.

“பெட்டி பத்திரமாத்தான் கீதுக்கா. அதுக்குள்ள கீறதுதான் யாருக்கும் கெடைக்காது.”

ஒழுங்கான ஒருவர்

இந்த வருஷம் பிள்ளைப்பாக்கத்து டேவிட் கூப்பிட்டார். பட்டாளத்தில் நாயக். இதுவரை சமவெளியில் இருந்தவருக்கு இப்போது வடக்கே மலை மேல் பீல்டு வந்திருந்தது. அவருடைய மனைவி ரெஜினாவை எனக்கு முன்பே தெரியும். நான் நின்ற அதே லைனில் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள், இப்போது சரக்கில் குறை பார்க்கிற குவாலிட்டியில் இருக்கிறாள். கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே டேவிட் கூப்பிட்டுவிட்டார். அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் மேஜை மேல் எல்லாம் எடுத்துவைத்திருக்கிறது. ஒவ்வொரு பாலிசியும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில். பணம் கட்டின ரசீது வரிசையாக. நாமினி ரெஜினா. சாவி ரெஜினாவிடம். பட்டாளத்து இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கு நகல் வேறு. நான் கேட்பதற்கு ஒரு கேள்விகூட மிச்சம் வைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை. களைப்பிலா சந்தோஷத்திலா தெரியவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப எழுந்தேன். டேவிட் உட்காரச் சொன்னார். தன்னுடையது முடிந்தது, இனி ரெஜினாவுடையதைப் பார்க்க வேண்டும் என்றார். ரெஜினாவின் பெயரில் ஒரு பாலிசியும் கிடையாது. கம்பெனி பஸ் ஊருக்குள் வராததால் தினமும் ஸ்கூட்டியில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரகடம் போய் வருகிறவள் அவள். அதெல்லாம் எதற்கு, மலைக்குப் போவது நீதானே என்று ரெஜினா சிரித்தாள். டேவிட் சிரிக்கவில்லை.

“மலை மேல நான் தும்முனா திரும்பிப் பாக்கறதுக்கு நாப்பது பேரு கீறாங்க. இவ போற ரோட்ல யாருக்கா கீறா?”

மாமியாரின் ஆட்சேபம்

ரெஜினாவுக்கும் டேவிட்டுக்கும் விஷயம் முடிந்தது. டேவிட்டின் அம்மா ஆரோக்கியம் அம்மாளுக்கு முடியவில்லை. பாலிசி என்றால் சம்பாதிக்கிற ஆம்பளை மேல் போடுவது, மருமகள் மேல் போட்டால் ஊர் என்ன பேசும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மருமகளும்தான் சம்பாதிக்கிறாள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த வீட்டுக்கு லோன் கட்டுவது அவள் சம்பளம்தான் என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் இருந்த தவிட்டைக்கூடத் தட்டவில்லை. மருமகளுக்கு ஒன்று ஆனால் அந்தப் பணம் யாருக்கு வரும் என்று கேட்டார். சரி, இதற்குத்தான் சுற்றிச் சுற்றி வந்தாரா என்று எனக்குள் ஒரு அலுப்பு. மகன் பெயர் முதலில், வேண்டுமானால் உங்கள் பெயரையும் பாதியாகச் சேர்க்கலாம் என்றேன். அவர் அவசரமாக, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் நினைத்தது தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

“என் பேர போடாதம்மா. அவ இல்லாத பணத்த வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு சுகர் மாத்தரைய எடுத்துக் குடுக்கறதே அவதான்.”

காரணம் இல்லாத லீவு

ரெஜினாவின் பாலிசிக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்டு, ஆறு மணியில் இருந்து இரண்டு மணி வரை. வெறும் வயிற்றோடு இரண்டு மணி வரை வேலை பார்த்தால் மயங்கி விழுவாள். இரண்டு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்கலாம் என்றால் சூப்பர்வைசர் தரவில்லை. நான் அந்தக் கம்பெனியில் நின்று முதுகைத் தொலைத்தவள் என்ற உரிமையில் அவருக்கு நானே போன் செய்தேன். பட்டாளத்துக்காரர் மனைவி, கணவர் கிளம்ப ஆறு நாள்தான் இருக்கிறது என்று என் பாட்டை எல்லாம் பாடினேன்.

மனிதர் கெட்டவர் இல்லை. அவர் தலைக்கு மேலே டார்கெட், டார்கெட்டுக்கு மேலே மேனேஜர். பெருமூச்சு விட்டார். கம்ப்யூட்டரில் லீவுக்கு ஒன்பது காரணம் இருக்கிறதாம், ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துக் காட்டினார். கல்யாணம், காய்ச்சல், சாவு எல்லாம் இருந்தது. எதிலும் நாங்கள் அடங்கவில்லை.

“புருஷன ரயில் ஏத்தணும்னு கேக்கச் சொல்லுங்க மேடம், ஒரு நாளே தரேன். பாலிசிக்கு ரத்தம் குடுக்கப் போறேன்னா சிஸ்டம் ஒத்துக்காது.”

பெண்களுக்கான பக்கம்

ரத்தம் கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். விண்ணப்பத்தை முன்கூட்டியே ரெஜினாவின் போனுக்கு அனுப்பியிருந்தேன். யாரும் படிப்பதில்லை, ஒரு சம்பிரதாயத்துக்கு அனுப்புவதுதான். குவாலிட்டியில் வேலை பார்க்கிறவள் என்பதை மறந்துவிட்டேன். அவள் எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறாள். மறுநாள் ஷிப்டு முடிந்ததும் என்னை ஒரகடம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடைக்கு வரச் சொன்னாள். நாலாம் பக்கம் பெண்களுக்கு மட்டும் என்று இருக்கும். இப்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது அதில் முதல் கேள்வி. அதற்கு இல்லை என்று போட முடியுமா என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஏழு வாரம் என்றாள்.

டேவிட்டுக்குத் தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை கலைந்துவிட்டதாம். அப்போது அவர் எங்கோ பயிற்சியில் இருந்தார். தகவல் போய், லீவு கிடைத்து, வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. வந்தவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தான்தான் ஏதோ செய்துவிட்டதுபோல் இவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அந்த வலியைத் தாங்கிக்கொண்டேன் அக்கா, அவர் மன்னிப்புக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். அதனால் இந்தத் தடவை நாலாம் மாதம் தாண்டுகிற வரைக்கும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறாள். இப்போது தெரிந்தால் மலை மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருப்பார். பாலிசி போட்டாயிற்று என்ற நிம்மதியோடு போகட்டும், அக்கா, ஒரு டிக் தானே என்றாள்.

ஒரு டிக் தான். நானும் ஒரு தடவை அப்படிப் போட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், சர்க்கரை இருக்கிற ஒருவருக்கு, அவர் கெஞ்சினார் என்று, இல்லை என்று எழுதினேன். இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். கம்பெனி ஆஸ்பத்திரிக் காகிதத்தை எல்லாம் தோண்டி எடுத்து, பொய் சொல்லியிருக்கிறார் என்று பணத்தை நிறுத்திவிட்டது. அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அந்தத் தெரு வழியாகவே இன்றும் போய் வந்துகொண்டிருப்பேன். ஆகவே மாட்டேன் என்றேன். ஆமாம் என்று போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அதையும் மறைக்கவில்லை. கர்ப்பம், அதற்கு முன்னால் ஒன்று கலைந்தும் இருக்கிறது என்றால், எங்கள் கம்பெனி பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்லும். வேறு எதையாவது சொல்லி நீயே வேண்டாம் என்று விட்டுவிடேன் என்றேன். அவர் விடமாட்டார், ஏன் என்று கேட்பார், கம்பெனி லெட்டர் எங்கே என்று கேட்பார் என்றாள். அந்த பிளாஸ்டிக் கவர் மனிதர் கேட்பார்தான். ஜூஸில் ஐஸ் கரைந்து தண்ணீராகிவிட்டது. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, கம்பெனி மேல் வந்தது, வீட்டு ரகசியத்தை எல்லாம் கட்டம் போட்டுக் கேட்கிற அந்தக் காகிதத்தின் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது.

“உண்மைய சொன்னா அவரு நிம்மதி போவுது, பொய்ய சொன்னா பாலிசி போவுது. உங்க ஃபாரத்துல மூணாவது கட்டம் எதுவும் கெடையாதா அக்கா?”

சனிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை டேவிட்டுக்கு ரயில். சனிக்கிழமை மத்தியானம் விண்ணப்பத்தோடு போனேன். ரெஜினா என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. போனில் கேட்கத் தைரியம் வரவில்லை. கணவனும் மனைவியும் உட்கார்ந்திருக்க, முழு விண்ணப்பத்தையும் உரக்கப் படித்துத்தான் நான் பூர்த்தி செய்வேன். முதல் மூன்று பக்கம் முடிந்தது. டேவிட் ஒவ்வொரு கேள்விக்கும் அவளை முந்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உயரம், எடை, மச்சம் எங்கே இருக்கிறது என்பது வரைக்கும். நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். ரெஜினா என் கையில் இருந்து பேனாவை வாங்கினாள். இந்தப் பக்கத்தை நானே எழுதுகிறேன் அக்கா என்றாள். கர்ப்பத்துக்கு ஒன்று, முன்பு கலைந்ததற்கு ஒன்று என்று இரண்டு டிக் போட்டாள். காகிதத்தைத் திருப்பி டேவிட் பக்கம் தள்ளினாள்.

அவர் படித்தார். முதல் டிக்கில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார். உள்ளேயிருந்து ஆரோக்கியம் அம்மாள், என்னடா, தண்ணி வீணாப் போவுது என்று குரல் கொடுத்தார். ஈர முகத்தோடு வந்தவர் தன் நாற்காலிக்குப் போகாமல் ரெஜினாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். எத்தனை வாரம் என்று கேட்டார். எப்போது சொல்வதாக இருந்தாய் என்று கேட்டார். நாலாம் மாதம் என்றாள். சரி என்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. விண்ணப்பத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்தேன்.

அப்புறம் என்னைப் பார்த்து, இந்த இரண்டு டிக்கோடு அனுப்பினால் பாலிசி வருமா என்று கேட்டார். இப்போது வராது, பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆக வேண்டும் என்றேன். விரல் விட்டு மாதங்களை எண்ணினார். அவர் பீல்டு முடிந்து திரும்புவதற்கு முன்னால் அந்த மாதங்கள் முடிந்துவிடும், ஆனாலும் கணக்கு நீளமாகத்தான் இருந்தது. நாளை முதல் அவர் மலையில், இவள் ரோட்டில். ரெஜினா ஏதோ சொல்ல வாய் எடுத்தாள், அவர் அவள் கையை அழுத்தி நிறுத்தினார். பாலிசி இருக்கட்டும் என்றார். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, விளையாட்டே இல்லாத முகத்தோடு என்னிடம் கேட்டார்.

“அதுவரைக்கும் நீங்க பாத்துக்குவீங்களா அக்கா? அதுக்கு எங்க கையெழுத்து போடணும்னு சொல்லுங்க, போட்டுட்டுப் போறேன்.”

கம்பெனி தள்ளிவைத்த ஆபத்தை யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்பதால், இப்போதெல்லாம் தினமும் ஷிப்டுக்குப் போகும்போதும், ஷிப்டு விடும்போதும் ரெஜினாவை என் ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து, இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், பின்னால் ஹாரன் அடிக்கிற கண்டெய்னர் லாரிக்காரர்கள் அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு, பிரீமியமும் கமிஷனும் இல்லாத ஒரே பாலிசியை நான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.